கண்ணை மூடிக்கொண்டால் உள்ளே எப்படித் தெரிகிறது? ஸ்கேன் அறையில் ஒளிந்திருக்கும் கோளக் கணக்கு!

போன வருடம் என் அப்பத்தாவின் வலது கண்ணில் புரை முற்றிப்போய்விட்டது. கருவிழி நடுவே பால் ஊற்றியதுபோல ஒரே வெள்ளை. இடது கண்ணில் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது என்பதால், அவருக்கு இருந்ததே அந்த ஒரு கண்தான். மேலூர் பக்கத்திலிருந்து மதுரைக்கு அழைத்து வந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணலாம். ஆனா உள்ளே விழித்திரை நல்லா இருக்கான்னு தெரியணும். புரை மறைச்சுக்கிட்டு இருக்கு. ஒரு பி-ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார்.

விழித்திரை பிரிந்திருந்தால், புரையை மட்டும் எடுத்துப் பயனில்லை. அதனால் அந்த ஸ்கேன் அறை வாசலில் எங்கள் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

உள்ளே இருந்த பெண், அப்பத்தாவின் கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் ஜெல் தடவி, பேனா தடிமனில் ஒரு கருவியை வைத்தார். "பாட்டி, மூக்குப் பக்கம் பாருங்க... இப்போ காதுப் பக்கம்... இப்போ மேலே..." அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, கண்ண மூடச் சொல்லிட்டு அங்க பாரு இங்க பாருங்கிறியே, இது என்ன நியாயம்?"

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது நல்ல கேள்வி. மூடிய கண்ணுக்குள், முற்றிய புரையையும் தாண்டி, அந்த மெஷின் எதைப் பார்க்கிறது? ஏன் அங்கேயும் இங்கேயும் பார்க்கச் சொல்கிறார்கள்? இதற்கான பதில், நூறு வருடங்களுக்கும் மேலாகக் கணித மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கணக்கில் இருக்கிறது. பயப்பட வேண்டாம். நாலு கூட்டல் தெரிந்தால் போதும்.

தெப்பக்குளத்தில் ஒரு கல்

மதுரைக்காரர்களுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருமலை நாயக்கர் வெட்டிய குளம். நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் படிக்கட்டு. தண்ணீர் நிறைந்திருக்கும் ஒரு நாள், கண்ணை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ குளத்துக்குள் ஒரு கல்லைப் போடுகிறார்கள். 10 நொடி கழித்து அலை உங்கள் காலைத் தொடுகிறது. அலை நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்றால், கல் விழுந்த இடம் உங்களிடமிருந்து 5 மீட்டர் தூரம்.

ஆனால் எந்தத் திசையில்? அது தெரியாது. உங்கள் காலை மையமாக வைத்து 5 மீட்டரில் ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். அதுவும் முழு வட்டம் இல்லை. உங்களுக்குப் பின்னால் படிக்கட்டுதானே இருக்கிறது, தண்ணீர் இல்லையே! தண்ணீருக்குள் விழுகிற வட்டத்துண்டு மட்டும்தான் கணக்கு. உங்கள் நண்பர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவரும் ஒரு வட்டத்துண்டு போட்டால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் தெரிந்துவிடும்.

இப்போது ஒரே நேரத்தில் குளம் முழுக்க ஆயிரம் கற்கள் விழுகின்றன என்று வையுங்கள். 10-வது நொடியில் உங்கள் காலைத் தொடுவது ஒரு கல்லின் அலை இல்லை. 5 மீட்டர் வட்டத்துண்டில் விழுந்த எல்லாக் கற்களின் அலைகளும் சேர்ந்த கூட்டுத்தொகை. கணிதத்தில் இதைத் தொகையீடு என்பார்கள். கேள்வி இதுதான்: கூட்டுத்தொகைகள் மட்டுமே கையில் இருக்கும்போது, எந்தக் கல் எங்கே விழுந்தது என்று சொல்ல முடியுமா?

உடம்புக்குள் ஸ்கேன் செய்வதும் இதே கதைதான். தண்ணீர் அலைக்குப் பதில் காதுக்குக் கேட்காத ஒலி. திசுக்களில் அது நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகும். குளம் தட்டையானது, அதனால் வட்டம். உடம்புக்கு ஆழமும் உண்டு, அதனால் வட்டம் கோளமாகிவிடுகிறது. எதிரொலி திரும்பி வரும் ஒவ்வொரு கணமும், ஒரு குறிப்பிட்ட ஆரமுள்ள கோளத்தின் துண்டில் இருக்கிற எல்லாவற்றின் கூட்டுத்தொகையைக் கொண்டுவருகிறது. ஒலிக்கற்றையைக் குறுக்கி ஒரு திசையில் அனுப்பினால், அந்தக் கோளத்துண்டு சின்னதாகும். கண்ணுக்கான பி-ஸ்கேன் கருவி அதைத்தான் செய்கிறது. குறுகிய கற்றையை விசிறிபோல அப்படியும் இப்படியும் ஆட்டி, ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைகிறது.

கண் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர். ஒலி போய்த் திரும்ப ஆகும் நேரம், ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் அதில் சுமார் 31 பங்கு!

அஞ்சறைப் பெட்டிக் கணக்கு

கூட்டுத்தொகையிலிருந்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி? அடுக்களைக்கு வாருங்கள். அஞ்சறைப் பெட்டியில் நாலு அறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. ஒவ்வொன்றிலும் சில ஏலக்காய்கள். மூடியைத் திறக்கக் கூடாது.

மேல் வரிசையில் மொத்தம் 4, கீழ் வரிசையில் 6 என்று சொல்கிறேன். இடது பக்கம் இரண்டும் சேர்ந்து 5, வலது பக்கமும் 5. கண்டுபிடித்துவிட்டீர்களா? முடியாது! மேலே 3, 1, கீழே 2, 4 என்று இருக்கலாம். மேலே 2, 2, கீழே 3, 3 என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் எல்லாக் கூட்டுத்தொகையும் ஒன்றுதான்.

இப்போது இன்னொரு திசையில், மூலைவிட்டமாக ஒரு தகவல் தருகிறேன்: மேல் இடது அறையும் கீழ் வலது அறையும் சேர்ந்து 7. உடனே விடை உறுதியாகிவிடும். 3, 1, 2, 4 மட்டும்தான் பொருந்தும்.

ஸ்கேன் அறையின் ரகசியம் மொத்தமும் இதற்குள் இருக்கிறது. போதுமான திசைகளிலிருந்து கூட்டிப் பார்த்தால், திறக்காமலேயே உள்ளே இருப்பதைச் சொல்லலாம். திசை குறைந்தால், இரண்டு வேறு வேறு உண்மைகள் ஒரே மாதிரி தெரியும்.

சி.டி ஸ்கேனில் இருக்கிற நம்மூர்ப் பெயர்

நேர்கோடுகள் வழியாக எடுத்த கூட்டுத்தொகைகளிலிருந்து உருவத்தை மீட்கலாம் என்று 1917-ல் எழுதிக் காட்டியவர் ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹன் ராடோன். அப்போது அதற்கு மருத்துவப் பயன் எதுவும் இல்லை. 1971 அக்டோபரில் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷினில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. அவருக்கும், 1960-களிலேயே கணக்கைப் போட்டுவைத்திருந்த ஆலன் கார்மாக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1971-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜி.என்.ராமச்சந்திரன், ஏ.வி.லட்சுமிநாராயணன். எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்த ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் மூன்று இழை வடிவத்தைக் கண்டு சொன்னவர். புரத ஆய்வில் இன்றும் பயன்படும் 'ராமச்சந்திரன் வரைபடம்' அவருடையது.

அந்தக் கட்டுரை சொன்னது என்ன? கூட்டுத்தொகைகளை வந்த வழியிலேயே திருப்பிப் பரப்பினால் படம் கிடைக்கும். ஆனால், ஈரத் தரையில் போட்ட மாக்கோலம் மாதிரி கசிந்துபோய்த் தெரியும். திருப்பிப் பரப்புவதற்கு முன்பே, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்து எண்களில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் கசிவு நீங்கி, கோடு கூர்மையாகிவிடும். அதுவரை இதற்கு நீண்ட கணக்குகள் தேவைப்பட்டன. அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அது பெரிய சுமை. அவர்களின் வழி எளிமையானது, வேகமானது. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-லேயே இதே யோசனைக்கு வந்திருந்தார்கள். இவர்கள் தனியாக வந்து சேர்ந்தார்கள். உலகெங்கும் சி.டி ஸ்கேன் பாடப் புத்தகங்களில் இன்றும் அந்த முறைக்கு 'ராம்-லாக் வடிகட்டி' என்று பெயர். ராமச்சந்திரனின் 'ராம்', லட்சுமிநாராயணனின் 'லாக்'!

சாத்துக்குடி சொல்லும் பாடம்

கோடுகளுக்கு வேலை செய்தது கோளத்துக்கும் வேலை செய்யுமா? இங்கேதான் கணக்கு கண்ணாமூச்சி ஆடுகிறது. ஒரு சாத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோலில் நேர் எதிரெதிராக இரண்டு கறுப்புப் புள்ளிகள் வையுங்கள். இப்போது எப்படி வேண்டுமானாலும் சரிபாதியாக வெட்டுங்கள். கத்தி புள்ளிமேலேயே படாத வரை, ஒவ்வொரு பாதியிலும் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும். ஆயிரம் விதமாக வெட்டிப் பாதிப் பழத்தின் புள்ளிகளை எண்ணினாலும், புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. அரைக்கோளத் தொகைக்கு, எதிரெதிர்ப் பக்கம் ஒரே மாதிரி இருக்கிற எதுவும் கண்ணில் படாது.

பாதியாக வெட்டாமல், நடுவில் சுற்றிவரும் வட்டக்கோடுகளில் மட்டும் கூட்டினால் நிலைமை தலைகீழ். எதிரெதிர்ப் பக்கம் ஒரே மாதிரி இருப்பதை முழுதாக மீட்கலாம் என்று பால் ஃபங்க் 1913-லேயே காட்டிவிட்டார். இதில் மறைந்துபோவது வேறொன்று: ஒரு பக்கம் கூடி எதிர்ப்பக்கம் அதே அளவு குறைந்தால், இரண்டும் கழிந்து பூஜ்யமாகிவிடும்.

இன்னும் வேடிக்கை, பாதிக்குப் பதில் ஒரே அளவுள்ள தொப்பித் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் என்ன ஆகும் என்பது. பீட்டர் உங்கார் 1954-ல் காட்டியது: பெரும்பாலான அளவுகளுக்கு எல்லாம் தெரியவரும். ஆனால் இடையிடையே சில விசித்திர அளவுகளில் மட்டும் ஏதோ ஒன்று ஒளிந்துகொள்ளும். அவரே தன் கட்டுரைக்கு 'விசித்திரத் தேற்றம்' என்றுதான் தலைப்பு வைத்தார்.

கணக்குப்படி போதும், கையில் வந்தால் போதாது!

தெப்பக்குளத்துக்குத் திரும்புவோம். எத்தனை பேர், எந்தெந்த இடத்தில் உட்கார்ந்தால் குளம் முழுக்கத் தெரியும்? 1996-ல் மார்க் அக்ரனோவ்ஸ்கி, டாட் குயின்டோ என்ற இருவர் தளத்தில் போடும் வட்டங்களுக்கு இதைத் தீர்த்துவைத்தார்கள். கேட்பவர்கள் வளைந்த ஒரு சின்னக் கோட்டில் நெருக்கமாக உட்கார்ந்திருந்தாலே போதும், கூட்டுத்தொகைகளிலிருந்து உள்ளிருப்பது ஒரே விதமாகத்தான் கிடைக்கும். ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்தால் ஆபத்து. கோட்டுக்கு வலது பக்கமா இடது பக்கமா என்று பிரித்தறிய முடியாது.

அப்படியானால் சின்ன இடத்தில் கருவியை வைத்தாலே போதுமே, ஏன் அலைக்கழிக்கிறார்கள்? காரணம் இருக்கிறது. 'ஒரே விடைதான் உண்டு' என்பது வேறு, 'அந்த விடை கலங்காமல் கிடைக்கும்' என்பது வேறு. நிஜ அளவீட்டில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் கலந்திருக்கும். திசை குறைவாக இருந்தால், அந்தத் துளி இரைச்சல் பெரிதாகிப் படத்தையே குலைத்துவிடும்.

எது தெளிவாகத் தெரியும் என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு. உள்ளே இருக்கும் ஒரு சவ்வுக்கோ விளிம்புக்கோ நேர் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு கருவி இருக்கும் இடத்தைத் தொட்டால், விளிம்பு பளிச்சென்று தெரியும். தொடாவிட்டால் மங்கும், அல்லது காணாமலே போகும். சுவரில் பந்து அடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நேராக அடித்தால் பந்து கைக்கே வரும். சாய்த்து அடித்தால் வேறு யாரிடமோ போகும்.

அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் இதுதான். கண் ஓர் உருண்டை. விழித்திரை அதன் உள்சுவர். கருவியை வைக்க முன்பக்க இமை மட்டும்தான் இருக்கிறது. கண்ணை உருட்டினால்தான் சுவரின் வெவ்வேறு பகுதிகள் ஒலிக்கு நேராக வந்து நிற்கும். மூடிய இமைக்குள்ளும் "மூக்குப் பக்கம் பாருங்க" என்று சொல்வது, மறைந்திருக்கும் விளிம்புகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான்.

வெளிச்சத்தை அனுப்பி, ஒலியைக் கேட்கலாம்

இந்தக் கோளக் கணக்கு அப்படியே பொருந்துகிற புதிய முறை ஒன்றும் உண்டு. ஒளிஒலி ஸ்கேன் என்று சொல்லலாம். ஒளி பட்டால் பொருள் ஒலி எழுப்பும் என்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-லேயே கவனித்தார். உடம்பின்மேல் மிகக் குறுகிய நேர லேசர் துடிப்பைப் பாய்ச்சினால், ரத்தத்தின் சிவப்பணுக்கள் அதை உறிஞ்சி, துளி சூடாகி, துளி விரிந்து, மெல்லிய ஒலி எழுப்பும். சுற்றிலும் வைத்த உணர்கருவிகள் அதைக் கேட்கும். புற்றுக்கட்டி தனக்காகப் புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும் என்பதால், மார்பகப் பரிசோதனைக்கு இது உதவுமா என்று ஆராய்கிறார்கள்.

இதற்கான சில கருவிகள் கிண்ண வடிவில் இருக்கின்றன. ஏன் கிண்ணம்? மேலே சொன்ன செங்குத்துக் கோட்டு விதியை வைத்துப் பாருங்கள். கிண்ணத்துக்குள் இருக்கிற ஒரு புள்ளி வழியாக எந்தத் திசையில் கோடு போட்டாலும், அதன் இரு முனைகளில் ஒன்று மேலே திறந்த வாய் வழியாகப் போனாலும் இன்னொன்று கிண்ணத்தைத் தொட்டே தீரும். அதனால், அரைக்கோளம்தான் இருக்கிறது என்றாலும் உள்ளே எந்த விளிம்பும் தப்பாது. தட்டையான தகடாக இருந்தால், தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் விளிம்புகள் தப்பிவிடும்.

வைகைக்கு மேலேயும் இதே கணக்கு

உடம்போடு முடியவில்லை. அடைமழையில் மேகம் மூடியிருக்கும்போது மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் நிறைந்துவிட்டனவா என்று வானிலிருந்து பார்க்க, சாதாரண கேமரா உதவாது. ரேடார் செயற்கைக்கோள் உதவும். இந்தியா 2012-ல் ரிசாட்-1, 2022-ல் இ.ஓ.எஸ்-04 ஆகியவற்றை அனுப்பியது. 2025 ஜூலையில் நாசாவுடன் சேர்ந்து நிசார் ஏவப்பட்டது. ரேடார் அலையும் கோளமாகப் பரவி, தரையில் வட்டத்துண்டாகப் படும். எதிரொலிக் கூட்டுத்தொகைகளிலிருந்து நிலம் படமாகிறது. செயற்கைக்கோள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. நேர்கோட்டில் உட்கார்ந்தவர்களுக்கு வலது இடது தெரியாதே! அதனால்தான் ரேடாரை நேர் கீழே பார்க்காமல், ஒரு பக்கமாகச் சாய்த்தே பார்க்கவைக்கிறார்கள். அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால், நிறைந்த கண்மாய் படத்தில் கறுப்பாகத் தெரியும்.

ஸ்கேனுக்குப் போகும்போது...

* அல்ட்ராசவுண்டில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. சி.டி ஸ்கேனில் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

* ஜெல் தடவுவது சடங்கு இல்லை. தோலுக்கும் கருவிக்கும் நடுவே மெல்லிய காற்று இருந்தாலே ஒலி கிட்டத்தட்ட முழுதும் திரும்பிவிடும்.

* வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்கு, குடலில் இருக்கும் வாயு ஒலியை மறைப்பதும் ஒரு காரணம். அடிவயிற்றுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வது, நிறைந்த சிறுநீர்ப்பை ஒலிக்கு நல்ல ஜன்னல் என்பதால்.

* "திரும்பிப் படுங்க", "மூச்சைப் பிடிங்க", "மேலே பாருங்க" என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றும் அஞ்சறைப் பெட்டியின் இன்னொரு மூலைவிட்டம்.

* புரை ஆபரேஷனுக்கு முன் கண்ணின் நீளம் அளப்பார்கள். அசையாமல் இருங்கள். 1 மில்லிமீட்டர் பிசகினால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் 2.5 முதல் 3 வரை மாறிப்போகும். அந்த லென்ஸ் விலை குறைந்ததில் மதுரைக்குப் பங்குண்டு. 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமான ஆரோலேப், 1992-லிருந்து லென்ஸ்களை இங்கேயே தயாரிக்கிறது.

* ரிப்போர்ட்டில் 'தெளிவாகத் தெரியவில்லை' என்று இருந்தால், உடனே பயப்படவும் வேண்டாம், 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடவும் வேண்டாம். அந்தத் திசையிலிருந்து தெரியவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். வேறு கோணத்திலோ வேறு ஸ்கேனிலோ பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள்.

அப்பத்தாவின் விழித்திரை ஒட்டியே இருந்தது. ஒரு வாரத்தில் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று என் முகத்தையே உற்றுப் பார்த்தவர், "ஏத்தா, நீ என்ன இம்புட்டு எளைச்சுப்போயிட்ட?" என்றார். இப்போது ஊரில் யார் ஸ்கேனுக்குக் கிளம்பினாலும் அவர்தான் ஆலோசகர். "அந்தப் புள்ள எங்க பாக்கச் சொல்லுதோ அங்க பாரு. கண்ண மூடிக்கிட்டே பாரு. அதுல ஒரு கணக்கு இருக்காம்!"